மூடுபனிக்கும் மங்கி கேப்புக்கும் ஏற்ற கண்ணாடி பிரேம்

கண்ணாடிக் கடைக்குள் நுழைந்ததும் கை நேராக நிறத்துக்குத்தான் போகும். சுவர் முழுக்க மாட்டியிருக்கும் பிரேம்களில் கண்ணுக்குப் பிடித்ததை எடுத்து மாட்டி, கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்து, "இது நல்லா இருக்கா?" என்று கூட வந்தவரைக் கேட்போம். அவரும் நன்றாக இருக்கிறது என்பார். வாங்கி ஒரு வாரம் போட்ட பிறகுதான் மூக்கில் சிவப்புத் தழும்பு, காதுக்குப் பின்னால் வலி, குனிந்தால் நழுவல் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

தேர்வின் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டால் பாதித் தொல்லை போய்விடும். முதலில் மூக்கு, அடுத்து முக அகலம், அடுத்து டாக்டர் எழுதிய பவர். முகத்தின் வடிவமும் நிறமும் அதற்குப் பிறகு. பிடிக்காத நிறம் பத்து நாளில் பழகிவிடும். மூக்கில் நிற்காத பிரேம் பத்து வருடம் ஆனாலும் பழகாது.

நீலகிரியிலும் பழனி மலையிலும் இருப்பவர்களுக்கு இந்த வரிசை இன்னும் முக்கியம். கீழே சமவெளியில் வியர்வைதான் எதிரி. மேலே மங்கி கேப், மஃப்ளர், ஹெல்மெட், மூடுபனி என்று எதிரிகள் அதிகம். இன்னொன்றும் உண்டு. நல்ல விலை கொடுத்து கோவையிலோ மதுரையிலோ வாங்கிய பிரேமின் ஒரு கால் வளைந்துவிட்டால், அதைச் சரிசெய்ய மறுபடி மலையிறங்க வேண்டும். உள்ளூர்க் கடையில் கையாலேயே வளைத்துச் சரிசெய்யக்கூடிய பிரேமாக இருப்பது மலைக்காரர்களுக்குப் பெரிய லாபம்.

கடைக்குப் போகும் முன்

கண் பரிசோதனைக்காகச் சொட்டு மருந்து விட்ட அன்றே பிரேம் தேர்ந்தெடுக்காதீர்கள். கண் பாப்பா விரிந்திருக்கும்; கண் கூசும்; கிட்டத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது. அந்த நிலையில் எடுத்த முடிவு பெரும்பாலும் கூட வந்தவரின் முடிவாகத்தான் இருக்கும்.

போகும்போது பவர் சீட்டு, பழைய கண்ணாடி, வழக்கமாகப் போடும் குல்லா அல்லது ஸ்கார்ஃப், வண்டி ஓட்டுபவர் என்றால் ஹெல்மெட் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். ஹெல்மெட்டைக் கடைக்குள் கொண்டுபோகக் கூச்சப்பட வேண்டாம். வீட்டில் எப்படித் தலை வாருவீர்களோ, எங்கே பொட்டு வைப்பீர்களோ அப்படியே போங்கள். கல்யாணத்துக்குப் போகிற அலங்காரத்தில் தேர்ந்தெடுத்த பிரேம் செவ்வாய்க்கிழமை காலையில் வேறு மாதிரி இருக்கும்.

பவர் சீட்டில் பி.டி. எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கண் பாப்பாக்களின் நடுவே உள்ள தூரம் அது. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 54-லிருந்து 74 மி.மீ.க்குள் இருக்கும். எழுதவில்லை என்றால் வீட்டிலேயே அளக்கலாம். மில்லிமீட்டர் கோடுள்ள ஸ்கேலைப் புருவத்துக்குக் கீழே, மூக்கின் மேல் கிடைமட்டமாக வையுங்கள். அளப்பவர் எதிரே 40 செ.மீ. தூரத்தில், கண்ணுக்குக் கண் நேராக உட்காரட்டும். அவர் தன் வலக்கண்ணை மூடிக்கொள்வார். நீங்கள் அவருடைய திறந்த இடக்கண்ணையே பாருங்கள். உங்கள் வலப் பாப்பாவின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை அவர் பொருத்த வேண்டும். பிறகு ஸ்கேலை அசைக்காமல் அவர் இடக்கண்ணை மூடி வலக்கண்ணைத் திறப்பார். நீங்கள் அந்தக் கண்ணைப் பாருங்கள். உங்கள் இடப் பாப்பாவின் நடுவில் விழும் எண்தான் பி.டி. மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். லென்ஸ் போடும்போது கடைக்காரர் எப்படியும் மறுபடி அளக்க வேண்டும். இந்த எண் பிரேம் தேர்வுக்கு மட்டும்.

காலின் உள்பக்கம் இருக்கும் மூன்று எண்

பிரேமிலிருந்து காது வரை போகும் கம்பியைக் கடைகளில் 'கால்' என்பார்கள். அதன் உள்பக்கத்தில் 50□18 140 என்பதுபோல் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். 50 என்பது ஒரு லென்ஸின் அகலம். 18 என்பது இரு லென்ஸுக்கும் இடையே மூக்கின் மேல் உட்காரும் பிரிட்ஜ். 140 என்பது காலின் நீளம். எல்லாம் மி.மீ. கணக்கு.

உங்களிடம் பழைய கண்ணாடி ஒன்று நன்றாகப் பொருந்தியிருந்தால், அதன் மூன்று எண்களையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக எடுப்பதன் லென்ஸ் அகலமும் பிரிட்ஜும் அதிலிருந்து 2 மி.மீ.க்கு மேல் தள்ளிப் போகாமல் இருந்தால் அளவில் தவறு வராது. ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு இதைவிட நம்பகமான வழி கிடையாது. படத்தில் முகத்தைப் பொருத்திக் காட்டும் வசதி அழகைக் காட்டும். மூக்கில் நிற்குமா என்பதைச் சொல்லாது.

எண்ணில் வராத இன்னொரு அளவு பிரேமின் மொத்த அகலம், அதாவது ஒரு கீலிலிருந்து இன்னொரு கீல் வரை. நேராக நின்று பார்க்கும்போது பிரேமின் முனை உங்கள் முகத்தின் அகலத்தோடு முடிய வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 4, 5 மி.மீ. வெளியே நீட்டினால் பரவாயில்லை. உள்ளே போனால் ஆபத்து. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அகலம் போதாத பிரேம் இறுக்கமாக நிற்கும், நழுவாது என்று நினைப்போம். உண்மையில் கால்கள் கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள பொட்டுப் பகுதியில் முட்டி வெளியே விரியும். விரிந்த கால்கள் ஆப்பு மாதிரி வேலை செய்து பிரேமை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். காது மேலே வலி, மூக்கு நுனியில் கண்ணாடி, இரண்டும் சேர்ந்து வந்தால் பிரேம் சிறியது என்று அர்த்தம்.

மூக்கு

கண்ணாடியின் எடையில் பெரும்பகுதியை மூக்குதான் சுமக்கிறது. நம் ஊரில் மூக்கின் மேல்பகுதி தாழ்ந்தும் நாசிப் பகுதி அகன்றும் இருப்பவர்கள் நிறைய. ஷெல் என்று கடைகளில் சொல்லும் தடித்த பிளாஸ்டிக் பிரேம்களில் பலவோ உயர்ந்த எலும்புள்ள மூக்குக்காகச் செதுக்கப்பட்டவை. அவற்றை மாட்டினால் பிரேம் கன்னத்தில் போய் உட்காரும். இமைமுடி லென்ஸில் உரசும்.

பிரேமை மாட்டி, பக்கவாட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கின் இரு பக்கமும் படியும் சிறு திண்டு, அதாவது நோஸ் பேட், இல்லாத ஷெல் பிரேம் என்றால், பிரிட்ஜின் உள்பக்கம் மூக்கின் இரு சரிவிலும் முழுதாகப் படிய வேண்டும். மேலே மட்டும் தொட்டு கீழே இடைவெளி இருந்தால், எடை முழுவதும் ஒரு கோட்டில் இறங்கித் தழும்பு விழும். கீழே மட்டும் தொட்டால் மூச்சு அடைப்பது போலிருக்கும். நோஸ் பேட் உள்ள மெட்டல் பிரேம் என்றால் பேடின் முழுப் பரப்பும் தோலில் படிய வேண்டும். விளிம்பு மட்டும் குத்தக்கூடாது.

இப்போது நன்றாகச் சிரியுங்கள். கன்னம் உயர்ந்து பிரேமைத் தூக்கினால் அந்தப் பிரேமைத் திரும்ப வைத்துவிடுங்கள். கடைக்காரர் "கொஞ்சம் வளைச்சு கொடுத்துடலாம்க்கா" என்பார். நோஸ் பேட் இருந்தால் அது உண்மை. பேடுகளை நெருக்கினால் பிரேம் உயரும், விரித்தால் தாழும். இடுக்கியால் இரண்டு நிமிட வேலை. பேட் இல்லாத ஷெல் பிரேமில் அப்படி எதுவும் செய்ய முடியாது. ஒட்டும் சிலிகான் பேட் வைக்கலாம், அல்லது பேட் கம்பியைத் துளையிட்டுப் பதிக்கலாம். முதலாவது சில மாதத்தில் கழன்றுவரும். இரண்டாவதைச் செய்யத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார். தாழ்ந்த மூக்குக்காரர்கள் மலையில் குடியிருந்தால் நோஸ் பேட் உள்ள பிரேமையே எடுப்பது நல்லது. ஷெல்தான் வேண்டும் என்று ஆசையாக இருந்தால், முன்பக்கம் ஷெல்லும் மூக்கில் பேடும் சேர்ந்து வரும் கலப்பு வகை இருக்கிறது.

நோஸ் பேட் வைத்த பிரேமுக்கு இன்னொரு லாபமும் உண்டு. கன்னத்துக்கும் லென்ஸுக்கும் இடையே காற்று போக வழியிருப்பதால் மூச்சின் ஈரம் சீக்கிரம் கலையும். முகத்தோடு ஒட்டி உட்காரும் பெரிய ஷெல் பிரேம்தான் குளிரில் முதலில் மங்கும்.

காலும் காதும்

காலின் வளைவு காதின் உச்சியில் சரியாகத் தொடங்கி, பின்பக்க எலும்போடு சரிந்து இறங்க வேண்டும். வளைவு காதைத் தாண்டி ஒரு செ.மீ. பின்னால் தொடங்கினால் பிரேமைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. தலையைக் குனிந்து, தரையைப் பார்த்து, 'இல்லை' என்பதுபோல் வேகமாக ஆட்டுங்கள். அசையலாம், விழக்கூடாது.

அடுத்து குல்லாவைப் போடுங்கள். கம்பளி காதின் மேல் அழுத்தும்போது, 4, 5 மி.மீ. தடித்த ஷெல் கால் எலும்பில் பதிந்து அரை மணி நேரத்தில் வலி எடுக்கும். மெல்லிய மெட்டல் கால், முனையில் மட்டும் பிளாஸ்டிக் உறை என்ற அமைப்பு குல்லாவுக்கடியில் தொந்தரவு தராது. அதிகாலைக் குளிரில் உலோகம் தோலில் சுரீரென்று படாமல் அந்த உறையே காக்கும். குல்லாவைப் போட்டபின் அதன் மேல் கண்ணாடி மாட்டுகிற வழக்கம் உள்ளவர்களுக்குக் கால் கொஞ்சம் நீளமாக வேண்டும். 140 சரியாக இருப்பவர் 145 பார்க்கலாம்.

ஹெல்மெட் போடுபவர்களுக்குத் தேவை நேர்மாறு. ஹெல்மெட்டை மாட்டியபின் கண்ணாடியைச் செருக வேண்டும். முனை அதிகம் வளைந்திருந்தால் உள்பஞ்சில் சிக்கும். கிட்டத்தட்ட நேராக, தட்டையாக உள்ள கால்தான் எளிதாகப் போகும். ஹெல்மெட்டின் அழுத்தமே பிரேமைப் பிடித்துக்கொள்வதால் வளைவு அவ்வளவாகத் தேவைப்படாது. கடையிலேயே ஒருமுறை செருகிப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டால் அதைச் சரிசெய்யக் கை காலியாக இருக்காது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்கள், கேரட், பூண்டு வயலில் வேலை செய்பவர்கள் நாள் முழுக்கக் குனிந்திருப்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கும். இவர்களுக்குக் காதை முழுதாகச் சுற்றி வளையும் சுருள் கால், அல்லது சாதாக் காலில் மாட்டும் சிலிகான் கொக்கி வேண்டும். தலைத்துணியின் பட்டை காலின் மேல் வருகிறதா, கீழே வருகிறதா என்பதைக் கட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். கழுத்தில் தொங்கும் கயிறு ரிப்பேர் செலவைக் குறைக்கும். கிளையில் சிக்காத அளவுக்குக் குட்டையாக இருக்கட்டும்.

பெண்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை: விசேஷங்களுக்கு மாட்டல் போடுபவராக இருந்தால், காதின் மேல் அதே இடத்தில்தான் காலும் உட்கார வேண்டும். மெல்லிய கால் என்றால் இரண்டும் சேர்ந்து இருக்கும்.

பவர் கூடக் கூட பிரேம் சிறுக்கட்டும்

கிட்டப்பார்வைக்கான மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்திருக்கும். வெள்ளெழுத்துக்கும் தூரப்பார்வைக்கும் போடும் பிளஸ் லென்ஸ் நடுவில் தடிக்கும். மைனஸ் 2-க்குள் என்றால் எந்தப் பிரேமும் எடுக்கலாம். 4-ஐத் தாண்டினால் கணக்குப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒருவருக்கு மைனஸ் 5.50, பி.டி. 60 என்று வைத்துக்கொள்வோம். அவர் 54□18 என்ற பெரிய பிரேமை எடுக்கிறார். 54-ஐயும் 18-ஐயும் கூட்டினால் 72. அது பிரேமின் இரு லென்ஸ் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தூரம். கண்களின் தூரமோ 60. வித்தியாசம் 12-ல் பாதி, அதாவது ஒவ்வொரு லென்ஸின் மையமும் மூக்குப் பக்கமாக 6 மி.மீ. நகர வேண்டும். நகர்ந்ததெல்லாம் காதுப் பக்க ஓரத்தில் தடிமனாக வெளியே வரும். சாதாரண 1.50 லென்ஸில் (இது லென்ஸ் பொருளின் ஒளிவிலகல் எண்; எண் கூடினால் லென்ஸ் மெலியும்) அந்த ஓரம் ஏறத்தாழ 8 மி.மீ. தடிக்கும். அதே ஆள் 46□20 எடுத்தால் கூட்டுத்தொகை 66, நகர்வு 3 மி.மீ. மட்டும். ஓரத் தடிமன் 5.7 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும்.

"1.67 போட்டா மெலிசா வரும்" என்று கடையில் சொல்வார்கள். வரும். ஆனால் அந்தப் பெரிய பிரேமில் 1.67 போட்டாலும் ஓரம் 5.8 மி.மீ. சுற்றித்தான் வரும். சிறிய பிரேமில் சாதா லென்ஸ் கொடுத்ததும் அதே அளவுதான்! விலையோ பல மடங்கு. சிறிய பிரேமும் 1.67-ம் சேர்ந்தால் 4 மி.மீ. பக்கம் வந்துவிடும். லென்ஸுக்குப் பணம் கட்டும் முன் பிரேம் அளவைக் குறைத்துப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

சுருக்கமான விதி: லென்ஸ் அகலம், பிரிட்ஜ் இரண்டின் கூட்டுத்தொகை உங்கள் பி.டி.க்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. கண்ணாடியில் பார்க்கும்போது பாப்பா லென்ஸின் நடுவிலோ சற்று மூக்குப் பக்கமோ, உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலோ இருக்க வேண்டும். வட்டம், முட்டை வடிவம், முனை மழுங்கிய செவ்வகம் ஆகியவை பவர் அதிகமுள்ளவர்களுக்கு நல்லவை. கீழ்மூலை நீண்டு இறங்கும் ஏவியேட்டரும், மேல்மூலை தூக்கிய கேட் ஐயும் தடிமனை அந்த மூலையில் கொண்டுபோய்க் காட்டும். தடித்த ஓரத்தை ஷெல் விளிம்பு மறைக்கும், ரிம் என்ற விளிம்பே இல்லாத ரிம்லெஸ் காட்டிக்கொடுக்கும்.

ரிம்லெஸ் பற்றி இன்னொன்று. லென்ஸிலேயே துளையிட்டு ஸ்க்ரூ போடுவதால் சாதா 1.50 லென்ஸ் துளையைச் சுற்றி விரிசல் விடும். பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் லென்ஸ் போட்டால்தான் தாங்கும். மேலே ரிம்மும் கீழே நைலான் நூலும் உள்ள ஹாஃப் ரிம்மில் லென்ஸ் ஓரத்தில் பள்ளம் வெட்ட வேண்டும். அதற்கு ஓரம் 2 மி.மீ.யாவது இருப்பது நல்லது. பிளஸ் லென்ஸின் ஓரம் மெலிந்திருப்பதால் ஹாஃப் ரிம் கேட்கும்போது லென்ஸ் முழுவதுமே தடித்து வரும்.

நாற்பதைத் தாண்டி, தூரத்துக்கும் படிக்கவும் ஒரே லென்ஸில் கோடில்லாமல் பவர் மாறும் புரோகிரசிவ் போடுபவர்கள் பிரேமின் உயரத்தைப் பார்க்க வேண்டும். லென்ஸின் மொத்த உயரம் 30 மி.மீ. இருந்தால் நிம்மதி. பாப்பாவிலிருந்து கீழ் ரிம் வரை 18 மி.மீ. கிடைக்க வேண்டும், குறுகிய வகை லென்ஸ் என்றால் 14 வரை சமாளிக்கலாம். அதற்கும் குறைந்தால் படிக்கும் பகுதி பிரேமுக்கு வெளியே வெட்டுப்பட்டுப் போகும். பிறகு "இந்த லென்ஸ் எனக்கு ஒத்துக்கலை" என்று பழி லென்ஸின் மேல் விழும்.

பைபோகலும் புரோகிரசிவும் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் இறங்கும்போது கால் வைக்கும் படி மங்கலாகவே தெரியும். கீழ்ப்பகுதி படிப்பதற்கான பவர். படியோ ஐந்தடி தள்ளி இருக்கிறது. தோட்டத்துச் சரிவிலும் படிக்கட்டு வீடுகளிலும் நடமாடுகிற வயதானவர்களுக்குத் தூரப் பவர் மட்டும் போட்ட இரண்டாவது கண்ணாடி ஒன்றைச் சாதாப் பிரேமில் செய்து வாசலருகே வைத்துவிடுங்கள்.

எந்தப் பொருளில்

கடையில் ஷெல் என்று சொல்வதில் நல்லது செல்லுலோஸ் அசிடேட். நிறம் மேலே பூசியதல்ல, உள்ளே வரை ஓடும், உரசினாலும் வெளுக்காது. சூடுபடுத்தினால் வளையும், ஆறினால் அப்படியே நிற்கும். குளிரில் விறைத்துக்கொள்ளும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ஜன்னலோரம் கிடந்த அசிடேட் காலைச் சூடேற்றாமல் கையால் வளைத்தால் பட்டென்று முறியும். அதற்காகக் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். பிரேம் கோணும், லென்ஸின் கோட்டிங்கும் வெடிக்கும்.

டிஆர்90 நைலான் வகை. இறகு மாதிரி இருக்கும், கீழே விழுந்தாலும் உடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதுவே போதும். ஆனால் வளைத்துச் சரிசெய்ய மசியாது, திரும்பப் பழைய நிலைக்கே வந்துவிடும். மாட்டிய நிமிடத்திலேயே பொருந்தாத டிஆர்90 பிறகு பொருந்தாது.

விலை குறைந்த மெட்டல் பிரேம்களில் பெரும்பாலும் மோனெல் என்ற நிக்கல், செம்பு கலவை. நன்றாக வளையும். ஆனால் கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்களுக்கு இது மூக்கிலும் பொட்டுப் பகுதியிலும் அரிப்பைத் தரும்; அது நிக்கல் அலர்ஜி. அவர்கள் டைட்டானியம் எடுக்க வேண்டும். வியர்வையும் ஈரமும் சேர்ந்து நோஸ் பேடுக்கு அடியில் பச்சையாகப் படிவது செம்பின் களிம்பு. மழை மாதங்களில் கூடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். பேடை மாற்றுவது சின்னச் செலவுதான், மாற்றிவிடுங்கள்.

இனி முகமும் நிறமும்

மேலே சொன்ன சோதனைகளை முடித்தால் நூறு பிரேமில் பத்து மிஞ்சும். முகவடிவம் பார்ப்பது அந்தப் பத்துக்குள்தான். முடியைப் பின்னால் இழுத்துக் கட்டி, கண்ணாடி இல்லாமல் நேராக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நெற்றி, கன்னம், தாடை மூன்றில் எது அகலம்? முகம் நீளமா, வட்டமா? அடிப்படை ஒன்றுதான்: முகத்தில் எது அதிகமாக இருக்கிறதோ அதைப் பிரேம் திரும்பச் சொல்லக்கூடாது. உருண்டை முகத்தில் உருண்டைக் கண்ணாடி உருண்டையை இரட்டிப்பாக்கும். கொஞ்சம் மூலை உள்ள பிரேம் சமன் செய்யும். தாடை அகன்ற சதுர முகத்துக்கு வளைந்த பிரேம். நீள முகத்துக்கு உயரம் அதிகமுள்ள லென்ஸும், வேறு நிறக் காலும். கால் நிறம் மாறும்போது பார்வை பக்கவாட்டில் போய் முகம் அகலமாகத் தோன்றும். நெற்றி அகன்று தாடை கூரானவர்கள் மேலே கனத்த பிரேமைத் தவிர்க்கலாம். நீண்ட மூக்குக்குத் தாழ்வான, அடர்நிற பிரிட்ஜ். கண்கள் நெருங்கியிருந்தால் நிறமற்ற மெல்லிய பிரிட்ஜ்.

இவையெல்லாம் விதி இல்லை, ஊகம்தான். உருண்டை முகத்தில் உருண்டைக் கண்ணாடி வேண்டுமென்றே போட்டு அழகாக இருப்பவர்கள் உண்டு. ஆனால் புருவத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மேல் ரிம் புருவத்தின் வளைவோடு ஓட வேண்டும். புருவத்துக்கு மேலே ரிம் போனால் எப்போதும் ஆச்சரியப்பட்ட முகமாக இருக்கும்.

பொட்டு வைப்பவர்கள் பிரிட்ஜின் உயரத்தைப் பாருங்கள். இரட்டைக் கம்பி வைத்த ஏவியேட்டரில் மேல்கம்பி நேராகப் பொட்டின் மேல் வந்து நிற்கும். குங்குமம் வைத்தால் தூள் பேடில் இறங்கி, மூக்கில் சிவப்புக் கோடு விழும். ஒற்றைக் கம்பி, தாழ்ந்த பிரிட்ஜ் என்றால் புருவ மத்தி தெளிவாக இருக்கும். திருநீறு பூசுபவர்களுக்கும் இதேதான்.

நிறத்தில் பலரும் செய்கிற தவறு, தோல் நிறத்துக்கு மிக அருகில் இருக்கும் வெளிர்பழுப்பை எடுப்பது. மாநிறத்திலும் கறுப்பிலும் அது கலந்து மங்கிப்போய், முகம் களைத்ததுபோல் தெரியும். ஒயின் சிவப்பு, பாட்டில் பச்சை, கருநீலம், ஆமையோட்டு வரி ஆகியவை நம் தோலில் நன்றாக எடுபடும். தினமும் தங்க மூக்குத்தி, கம்மல் போடுபவருக்கு வெள்ளி நிற பிரேமைவிடத் தங்க நிறம் சேரும். முடி நன்றாக நரைத்தவர்களுக்குக் கன்னங்கரிய தடித்த பிரேம் கடுமையாகத் தெரியும். மலையில் இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். வருடத்தில் பாதி நாள் ஸ்வெட்டரும் சால்வையும் மேலே இருக்கும். எந்த நிற ஸ்வெட்டரை அதிகம் போடுகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு பிரேம் பாருங்கள். கழுத்துவரை கம்பளி ஏறியிருக்கும்போது பெரிய கனத்த பிரேமும் சேர்ந்தால் முகத்துக்கு இடமே இருக்காது.

பவர் அதிகமுள்ளவர்களுக்கு வெற்றுப் பிரேமில் தன் முகமே தெரியாது. படம் எடுத்துப் பார்க்கலாம்; ஆனால் செல்ஃபி வேண்டாம். கை தூரத்தில் எடுக்கும் படம் மூக்கைப் பெருக்கி முகத்தைக் குறுக்கிக் காட்டும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று வேறொருவர் எடுக்கட்டும். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சிரித்து ஒன்று.

மலை வெயிலும் மூடுபனியும்

ஆயிரம் மீட்டர் உயர உயரப் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர். கோடைக்கானல் 2,100-க்கு மேல். குளிராக இருப்பதால் வெயில் உறைக்காது, அதனால் ஏமாந்துபோவோம். கோடைக்கானலில் 1899-ல் சூரியனை ஆராய நிலையம் அமைத்தவர்கள் தெளிந்த மலைவானத்தைத் தேடித்தான் மேலே வந்தார்கள். அதே வானம்தான் நம் கண்ணுக்கும். லென்ஸில் யூவி 400 பாதுகாப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். சிறிய பிரேமில் பக்கவாட்டு வெளிச்சம் அதிகம் நுழையும் என்பது உண்மை. பவருக்காகச் சிறிய பிரேம் எடுத்தவர்கள் வெயிலுக்குத் தனியாக அகன்ற கூலிங்கிளாஸ் வைத்துக்கொள்ளலாம்.

வெயிலில் கறுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸை மலையில் யோசித்து வாங்குங்கள். குளிரில் அது இன்னும் அடர்த்தியாகக் கறுக்கும், வெளுக்கவும் தாமதிக்கும். வெளியிலிருந்து இருட்டான கடைக்குள் நுழைந்தால் சில நிமிடம் தடவித்தான் நடக்க வேண்டும். மெல்லிய மேகமும் பனிமூட்டமும் புற ஊதாக் கதிரை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அதனால் எதிரே வருவதே தெரியாத மூடுபனியிலும் லென்ஸ் கறுத்து நிற்கக்கூடும். பைக்கில் போகிறவருக்கு அது நல்லதல்ல. காருக்குள்ளோ, முன்கண்ணாடி கதிரைத் தடுத்துவிடுவதால் சரியாகக் கறுக்காது.

லென்ஸ் மங்குவது குளிரிலிருந்து சூட்டுக்குள் வரும்போதுதான்: வாசலிலிருந்து அடுப்படிக்கு, அல்லது சூடான டீயை வாயருகே கொண்டுபோகும்போது. ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தை ஈரமான லென்ஸில் தேய்த்து, மெல்லிய படலம் நிற்கும்படி துணியால் ஒற்றி எடுத்தால் சில மணி நேரம் மங்காது. தலைவலிக்கு நெற்றியில் பூசும் நீலகிரித் தைலத்தைக் கண்ணாடியில் படவிடாதீர்கள். ஸ்டிக்கர் பசையைக் கரைக்கும் திரவம் அது. மேட்டுப்பாளையமோ வத்தலக்குண்டோ இறங்கினால் காரின் டேஷ்போர்டில் கண்ணாடியை வைத்துவிட்டுப் போகாதீர்கள். லென்ஸும் கோட்டிங்கும் ஒரே அளவில் விரிவதில்லை. சூட்டில் கோட்டிங் சிலந்திவலை மாதிரி பொடிப்பொடியாக வெடிக்கும். வெடித்ததை எந்தத் துணியாலும் துடைத்தெடுக்க முடியாது.

வாங்கி வரும் நாள்

கண்ணாடியை விரித்துக் கவிழ்த்து மேஜையில் வையுங்கள். மேல் ரிம்மும் இரண்டு கால்களும் ஒன்றாகத் தொட வேண்டும். ஒரு கால் தூக்கி நின்றால் முகத்தில் ஒரு பக்கம் சாயும். முகத்தில் மாட்டிப் பார்த்தும் கோணினால், இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லாமல் இருக்கலாம். பலருக்கும் அப்படித்தான். எந்தப் பக்கம் உயர்ந்து நிற்கிறதோ அந்தக் காலைக் கொஞ்சம் மேலே வளைத்தால் அந்தப் பக்கம் இறங்கிவிடும்.

பிறகு கடைக்கு வெளியே வந்து தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைப் படியுங்கள். ஒரு படி இறங்கி ஏறுங்கள். குல்லாவைப் போட்டு, கழற்றி, மறுபடி போடுங்கள். வலிக்கிற இடத்தை அங்கேயே சொல்லுங்கள். "போகப்போக செட் ஆயிடும்" என்பது புதுப் பவருக்குப் பொருந்தும். தோலில் குத்துகிற பேடுக்குப் பொருந்தாது. கிளம்பும் முன் அதே அளவில் இரண்டு கீல் ஸ்க்ரூவும் ஒரு ஜோடி நோஸ் பேடும் கேட்டு வாங்கி, கண்ணாடிப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.